வாடகை வீட்டுச் சுவரில் படம் மாட்ட ஒட்டும் பட்டையை நம்பலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். வாடகை அடுக்குமாடி வீடு. ஒப்பந்தத்தில் ‘ஆணி அடிக்கக் கூடாது’ என்று ஒரு வரி இருக்கிறது. கையில் ஒன்பது படங்கள். எட்டு சின்னவை, ஒன்று மட்டும் கண்ணாடி போட்ட பெரிய படம், 60க்கு 90 சென்டிமீட்டர். ஒட்டும் பட்டை வாங்கினால் போதுமா, எத்தனை கிலோ தாங்கும், காலி செய்யும்போது பெயின்ட் பெயராமல் வருமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கவலையெல்லாம் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாட்டுகிற அன்றைக்கு எல்லாமே ஒட்டும், கழற்றுகிற அன்றைக்குத்தான் கதை தெரியும். அதனால் நானும் அந்த முனையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன், பதினேழு வருடமாக. நடுநடுவே கண்காட்சிகளுக்குப் படம் மாட்டிக்கொடுக்கவும் போவேன். கண்காட்சிக் கூடமும் ஒருவிதத்தில் வாடகை வீடுதான், முடிந்த மறுநாள் சுவரை வாங்கினபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்புறம், நானும் இன்றுவரை வாடகைக்குத்தான் இருக்கிறேன். ஆக, கற்றுக்கொண்டது பாதி வேலையில், மீதி என் சொந்த அட்வான்ஸ் பணத்தில்.

முதல் விஷயம். ஒட்டும் பட்டை சுவரில் ஒட்டுவதில்லை, பெயின்ட்டில் ஒட்டுகிறது. உள்ளே செங்கல்லோ கான்கிரீட்டோ இருக்கும், அதன்மேல் சிமென்ட் பூச்சு, அதன்மேல் பட்டி, பிரைமர், கடைசியாக இரண்டு மூன்று கை பெயின்ட். பட்டை தொடுவது அந்தக் கடைசிக் கையை மட்டும். படத்தின் எடை இந்த அடுக்குகள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், இதில் எந்த இரண்டு அடுக்குக்கு நடுவில் பிடிப்பு குறைவோ அங்கே விட்டுக்கொடுக்கும். பட்டை எத்தனை கிலோ தாங்கும் என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். உங்கள் வீட்டுப் பெயின்ட் எத்தனை கிலோ தாங்கும் என்று யாரும் அச்சடித்துத் தருவதில்லை.

இது எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். முன்னே இருந்த வீட்டில் ஒரு சின்ன முகக்கண்ணாடியைப் பட்டை போட்டு மாட்டியிருந்தேன், ஒன்றரை கிலோகூட இருக்காது. அட்டையில் போட்டிருந்த எண்ணில் பாதிக்கும் கீழே. நாலு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் விடியற்காலை தடால் என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் கண்ணாடி கீழே, சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு வெள்ளைத் திட்டு. பட்டையின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். பசை அப்படியே இருக்கிறது, ஒரு நூல்கூடப் பிசகவில்லை. பசையின் மேல் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்திருக்கிறது, அந்தத் தோலின் உள்பக்கத்தை விரலால் தடவினால் வெள்ளையாக மாவு. பிரைமரே அடிக்காமல் காய்ந்த பட்டியின் மேல் நேராகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பட்டை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, சுவர்தான் கைவிட்டது. பணம் பிடித்தது என்னவோ என்னிடம்தான்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் சுவரைச் சோதித்துப் பாருங்கள். உலர்ந்த உள்ளங்கையால் சுவரை நாலு தடவை அழுத்தித் தேயுங்கள். கையில் தூள் வந்தால் அது சுண்ணாம்பு, டிஸ்டம்பர், இல்லையென்றால் பொடிந்துபோன பழைய பெயின்ட். இதில் எதுவானாலும் ஒட்டுகிற எந்தச் சாமானும் வேண்டாம், அந்த யோசனையையே விட்டுவிடுங்கள். தூள் வரவில்லையென்றால் அடுத்தது: பீரோவுக்குப் பின்னாலோ கதவு மறைக்கிற மூலையிலோ ஒரு விரல் நீளத்துக்கு நல்ல செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, ஒரு நாள் விட்டு, மெதுவாக உரியுங்கள். பெயின்ட் தொழிலில் இதையே பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டம் கீறி, அதன்மேல் டேப் ஒட்டி இழுத்து, எத்தனை கட்டம் பெயர்ந்தது என்று பார்த்துச் செய்வார்கள். ஏஎஸ்டிஎம் டி3359 என்று அதற்கு ஒரு தரமுறையே உண்டு. நீங்கள் கீற வேண்டாம், டேப் மட்டும் போதும். டேப்போடு நிறம் வந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒன்றும் வரவில்லையென்றால் நம்பிக்கை வைக்கலாம், உத்தரவாதம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே சுவரில் ஒரு பக்கம் ஓதம் ஏறியிருக்கும், ஒரு பக்கம் நன்றாக இருக்கும்.

புதுப் பெயின்ட் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உங்களுக்காக வெள்ளையடித்துக் கொடுத்திருப்பார்கள், பளிச்சென்று இருக்கும், குடிபோன அன்றைக்கே படத்தை மாட்டிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். பட்டை தயாரிக்கிறவர்களே பெயின்ட் அடித்து 7 நாளாவது பொறுக்கச் சொல்கிறார்கள். நான் ஒரு மாதம் சொல்வேன். எமல்ஷன் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்வது சில மணி நேரத்தில். உள்ளே முழுதாக இறுகுவதற்கு மூன்று நாலு வாரம் பிடிக்கும். அதுவரை அது வெந்த சோற்றுக் கஞ்சியின் மேல் படிந்த ஆடை மாதிரிதான், இழுத்தால் கூட வந்துவிடும்.

இது இன்றைக்கு நேற்றுப் பிரச்சினை இல்லை. 1920களில் காருக்கு இரண்டு நிறம் அடிப்பது மோஸ்தராக இருந்தது. ஒரு நிறத்தை மறைத்துவிட்டு இன்னொன்றை அடிக்கக் காகிதம் ஒட்டுவார்கள், அதை உரித்தால் அடித்த பெயின்ட்டும் சேர்ந்து பெயர்ந்துவிடும். அந்தப் பெயின்டர்கள் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டு 3எம் நிறுவனத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ என்பவர் உருவாக்கியதுதான் மாஸ்கிங் டேப், 1925இல். ஆக, ஒட்டவும் வேண்டும், பெயராமல் வரவும் வேண்டும் என்று ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டு நூறு வருடம் ஆகிறது. அதே நிறுவனம் 1990களில் கொண்டுவந்ததுதான் கமாண்ட் பட்டை. இன்று அதே மாதிரி வேறு பல பெயர்களிலும் கிடைக்கின்றன.

இந்தப் பட்டைகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறு நடக்காது. பசை, சுவரோடு இணையாக இழுக்கும் விசையை நன்றாகத் தாங்கும். விளிம்பைப் பிடித்து நம் பக்கமாக உரிக்கும் விசையைத் தாங்காது. சுவரில் ஓடுகிற பல்லிக்கும் இதே கணக்குதான். அதன் காலில் பசையே கிடையாது, லட்சக்கணக்கான நுண்மயிர்கள் இருக்கின்றன, அவை ஒரு கோணத்தில் அழுந்தும்போது பிடிக்கும், கோணம் சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் தானே கழன்றுகொள்ளும். அதனால்தான் அதனால் தலைகீழாகத் தொங்கவும் முடிகிறது, ஓடவும் முடிகிறது. நம் படத்துக்கு இதனால் என்ன என்றால், சட்டம் சுவரோடு ஒட்டினாற்போல் மெல்லியதாக இருந்தால் எடை முழுதும் கீழ்நோக்கி, அதாவது பசைக்குப் பிடித்த திசையில் போகும். சட்டம் நாலைந்து சென்டிமீட்டர் தடிமன் என்றால் படத்தின் எடைமையம் சுவரை விட்டு முன்னே தள்ளிப்போய்விடும், படம் மேல்பக்கமாகக் குப்புற விழப் பார்க்கும், மேல்பட்டையை உரிக்கிற வேலையை இருபத்துநாலு மணி நேரமும் செய்துகொண்டே இருக்கும். அதனால் பட்டைகளை மேல்விளிம்புக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், நடுவில் வேண்டாம்.

அட்டையில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றி (படப்பட்டை ஜோடியாக வரும், ஒன்று சுவரில் ஒட்டும், மற்றது சட்டத்தில், இரண்டும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும்): பெரிய அளவுப் படப்பட்டை நாலு ஜோடி போட்டால் 7.2 கிலோ, நடுத்தரம் நாலு ஜோடி போட்டால் 5.4 கிலோ என்பது கமாண்ட் அட்டையில் இருக்கும் கணக்கு. அது பொய் இல்லை. வழவழப்பான, சுத்தமான, நன்றாக இறுகிய பரப்பில், சொன்னபடி ஒட்டினால் கிடைக்கிற எண் அது. வீட்டில் அத்தனையும் ஒரே நேரத்தில் அமைவது அபூர்வம். நான் பாதியாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறேன். பாதி என்பதற்கு ஆய்வு எதுவும் ஆதாரம் இல்லை, என் பயம்தான் ஆதாரம்.

உங்கள் பெரிய படத்துக்கு வருவோம். கண்ணாடி 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ. உங்கள் அளவு 0.54 சதுர மீட்டர், ஆக கண்ணாடி மட்டும் 2.7 கிலோ. பின்பலகை 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் அது ஒரு 1.2 கிலோ. மூன்று மீட்டர் மரச்சட்டம், படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் போர்டு அட்டை எல்லாம் சேர்த்தால் 5 கிலோவைத் தொடும். நாலு ஜோடி பெரிய பட்டைக்கு அட்டைக் கணக்கில் அடங்குகிறது, என் கணக்கில் அடங்கவில்லை. நான் ஒட்ட மாட்டேன். ஊகத்தில் பேச வேண்டாம், எடை போட்டே பாருங்கள்: படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு வெறும் ஆளாக ஏறுங்கள், வித்தியாசம்தான் படம். கண்ணாடியை எடுத்துவிட்டு அதே தடிமனில் அக்ரிலிக் போட்டால் 2.7 கிலோ 1.3 ஆகிவிடும், விழுந்தாலும் சில்லு தெறிக்காது. ஆனால் படம் கரிக்கோலிலோ பேஸ்டலிலோ வரைந்தது என்றால் அக்ரிலிக் வேண்டாம், அதில் ஏறும் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். ஒரு ஓவியர் கொண்டுவந்த கரிக்கோல் முகத்தை நான் அப்படி மங்க வைத்திருக்கிறேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எட்டு சின்னப் படங்களுக்கும், சுவர் சோதனையில் தேறினால், பட்டை தாராளமாகப் போதும். ஒட்டுகிற முறையில்தான் எல்லாரும் குறுக்கு வழி போகிறார்கள். சுவரை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் லேசாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் எமல்ஷனே கரையும், ஒரு மூலையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட் வகைகள் சிலவற்றில் விளக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள், அது உதவாது, லேபிளைப் படியுங்கள். சோப்புத் தண்ணீரும் வீடு துடைக்கிற திரவமும் கண்ணுக்குத் தெரியாத வழுக்கலை விட்டுப்போகும், அதுவும் வேண்டாம். பிறகு பட்டை ஜோடிகளைக் கடக் கடக்கென்று சேர்த்து, சட்டத்தில் ஒட்டி, சுவரில் வைத்து 30 வினாடி அழுத்துங்கள். இப்போது படத்தைக் கீழ்ப்பக்கத்திலிருந்து தூக்கிக் கழற்ற வேண்டும். பாதிப் பட்டை சுவரில் நிற்கும். அதை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் இன்னொரு 30 வினாடி அழுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் படத்தை மறுபடி மாட்ட வேண்டும். இந்தக் கழற்றி மாட்டுகிற கட்டத்தை யாரும் செய்வதில்லை, ‘ஒட்டிவிட்டதே, எதற்குக் கழற்றணும்’ என்று விட்டுவிடுவார்கள். அழுத்தத்தில் ஒட்டும் பசை காய்ந்து பிடிப்பதில்லை. அது மிகக் கெட்டியான பாகு மாதிரி, சுவரின் நுண்ணிய மேடுபள்ளத்துக்குள் மெள்ள இறங்கிப் பரவும். அதற்கு அழுத்தமும் வேண்டும், நேரமும் வேண்டும். நான் ஒரு மணிக்குப் பதிலாக ஒரு ராத்திரி விடுகிறேன், அவசரம் என்ன.

சொரசொரப்பான சுவர், செங்கல் தெரிகிற சுவர், சுவர்க்காகிதம் ஒட்டிய சுவர், ஓதம் ஏறிய சுவர் இவற்றில் பட்டை வேண்டவே வேண்டாம். கட்டிலுக்கு மேலே, குழந்தை படுக்கிற இடத்துக்கு மேலே எந்த ஒட்டுச் சாமானிலும் எதையும் தொங்கவிடாதீர்கள். தயாரிப்பாளர்களே அட்டையில் இதை எழுதியிருக்கிறார்கள், பொடி எழுத்தில்.

இப்போது கொஞ்சம் ஏறுக்குமாறாக ஒன்று சொல்கிறேன், வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சுவருக்குக் குறைந்த சேதம் வேண்டுமென்றால், பல சமயம் மெல்லிய ஒரு ஊசி ஆணிதான் பட்டையைவிட நல்லது. 1 மில்லிமீட்டர் ஓட்டையை மூட ஒரு துளி பட்டி போதும். பெயர்ந்துபோன உள்ளங்கை அகலத் திட்டை மூட அந்தச் சுவர் முழுக்கப் பெயின்ட் அடிக்க வேண்டும். படத்துக்கென்றே விற்கிற பித்தளைக் கொக்கியில் ஆணி சாய்வாக இறங்கும், அது ஜிப்சம் பலகைச் சுவரிலும் மரத்திலும் அழகாகப் பிடிக்கும். கெட்டிச் சுவருக்கு மூன்று நாலு குட்டி எஃகு ஊசிகள் பதித்த பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது, சின்னச் சுத்தியலால் தட்டினால் பூச்சுக்குள் ஏறிக்கொள்ளும், கழற்றினால் குண்டூசிப் பொட்டுகள்தான் மிஞ்சும். நேராகக் கான்கிரீட்டில் இது ஏறாது, ஊசி மடங்கிவிடும். ‘ஆணி அடிக்கக் கூடாது’ என்று எழுதுகிறவர்கள் மனதில் இருப்பது இரண்டு அங்குல ஆணியைக் கெட்டிச் சுவரில் வைத்து அடித்து, அது வளைந்து, பூச்சு எட்டணா அகலத்துக்குப் பெயர்ந்து விழுகிற காட்சி. அவர்கள் பயம் நியாயம்தான். ஆனால் ‘இந்தக் கொக்கிதான், ஒரே ஒரு இடத்தில்தான், போகும்போது அடைத்துக் கொடுக்கிறேன்’ என்று சாமானைக் கையில் காட்டிக் கேட்டால் நிறையப் பேர் சரி என்றுதான் சொல்கிறார்கள். வாயால் சொன்னதை ஒரு குறுஞ்செய்தியாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் அடிக்கச் சொல்லவில்லை. ஒப்பந்தம் உங்கள் கையெழுத்து, அதன் சட்டப் பக்கம் என் வேலை இல்லை.

அனுமதி கிடைத்தால் இரண்டு எச்சரிக்கை. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் எதையும் அடிக்காதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் போகும். குளியலறை, சமையலறைச் சுவரின் மறுபக்கத்திலும் கை வைக்காதீர்கள், அங்கே தண்ணீர்க் குழாய் இருக்கும். அடைக்கிற வேலையில் பட்டியைக் கொஞ்சம் மேடாக வையுங்கள், காயும்போது சுருங்கும், பிறகு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள். பற்பசையை அப்பி அடைக்கிற யோசனை எங்கும் சுற்றுகிறது, அது காய்ந்து சுருங்கி வெடிக்கும், வேண்டாம். மேலே தொட்டு வைக்கிற பெயின்ட் அதே டப்பாவிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் தனியாகத் தெரியும், ஏனென்றால் சுவர் இத்தனை நாளில் வெளிறியிருக்கும். ஓட்டை சின்னதாக இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதற்காகத்தான்.

ஓட்டையும் வேண்டாம், பசையும் வேண்டாம் என்றால் ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள். முன்னே இருந்தவர் அடித்த ஆணி எங்காவது இருக்கும், அதுதான் தங்கம், உங்கள் கணக்கில் வராது. திரைச்சீலைக் கம்பி கெட்டியாக இருந்தால் அதிலிருந்து மெல்லிய கயிற்றில் ஒரு எடை குறைந்த படத்தை இறக்கலாம். பழைய பாணிக் கட்டடங்கள் சிலவற்றில் மேற்சுவரில் ஒரு மரவிளிம்பு ஓடும், அது படம் தொங்கவிடவே வைத்தது, கொக்கியை அதன்மேல் மாட்டிக் கயிறு விட்டால் வேலை முடிந்தது. தரைக்கும் கூரைக்கும் நடுவில் சுருள்வில் அழுத்தத்தில் நிற்கிற கம்பம் கிடைக்கிறது. இரண்டு முனையிலும் அகலமான ரப்பர் அடி இருக்கிறதா, மேலே தொடுவது பொய்க்கூரையா கான்கிரீட்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம்விட எளியது, சாய்த்து வைப்பது. பெரிய படத்தைத் தாழ்வான பீரோ மேலோ தரையிலோ சுவரில் சாய்த்து வைத்தால் அழகாகவே இருக்கும், வேறு வழியில்லாமல் வைத்த மாதிரித் தெரியாது. கீழ்விளிம்பு வழுக்காமல் இருக்க, கம்பளத்துக்கு அடியில் போடுகிற ரப்பர் வலையில் ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள். சுவரைத் தொடுகிற மேல்மூலைகளில் ஃபெல்ட் பொட்டு, அதாவது மெத்தென்ற சின்னக் கம்பளி வட்டம், ஒட்டுங்கள். தவழுகிற குழந்தையோ துள்ளுகிற நாயோ இருந்தால் தரையில் வேண்டாம்.

ஃபெல்ட் பொட்டு என்றதும் நினைவு வருகிறது, தொங்குகிற படத்துக்கும் கீழ் இரண்டு மூலையிலும் அது கட்டாயம். வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் தெரிகிற சேதத்தில் நான் அதிகம் பார்த்தது ஆணி ஓட்டை இல்லை, சட்டத்தின் கீழ்மூலை மாதக்கணக்கில் உரசி இழுத்த கறுப்புக் கோடுதான். கதவு சாத்தும்போது, காற்றாடி சுற்றும்போது படம் ஒரு மயிரிழை ஆடும், அது போதும். ரப்பர் பொட்டைவிட ஃபெல்ட் மேல். ரப்பரிலிருந்து கசிகிற சில பொருட்கள் பெயின்ட்டில் மஞ்சள் வட்டம் போட்டுவிடும். அந்தப் பொட்டால் படத்துக்குப் பின்னால் கொஞ்சம் காற்றும் ஓடும், வெளிச்சுவராக இருந்தால் அது பூஞ்சைக்கு நல்ல மருந்து.

கயிறு கட்டித் தொங்கவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கயிற்றை விறைப்பாகக் கட்டினால் படம் நேராக நிற்கும் என்று நினைக்கிறார்கள். நடுவில் ஒரு கொக்கி போட்டு மாட்டும்போது கயிறு கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் படத்தின் முழு எடை அளவுக்கு இழுவிசை இருக்கும். அதையே 10 டிகிரிக்கு விறைப்பாக்கினால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சட்டத்தின் மூட்டு திறந்துகொண்டு என்னிடம் வருகிற படங்களில் பாதி இப்படித்தான். கயிற்றைத் தளர விடுங்கள், முடிந்தால் இரண்டு கொக்கியில் மாட்டுங்கள், படம் கோணவே கோணாது.

சட்டமில்லாத காகிதப் படம், போஸ்டர் இவற்றுக்கு வாஷி டேப் (லேசாக ஒட்டுகிற ஜப்பானியக் காகித டேப்) போதும். ஆனால் மதிப்புள்ள படம் என்றால் டேப்பைப் படத்தின் மேல் படவே விடாதீர்கள். பசை காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்பேறினால் எடுக்க வழியே இல்லை, சுவரையாவது மறுபடி அடித்துக்கொள்ளலாம். நீல நிறப் பிசைமண் மாதிரி ஒட்டுப்பசை இருக்கிறதே, ப்ளூடாக் வகையறா, அதிலிருக்கும் எண்ணெய் மங்கல் பெயின்ட்டில் ஊறி நாலு மூலையிலும் கறை வைக்கும். இரட்டைப்பக்க ஃபோம் டேப் கழற்றும்போது ஃபோம் பிய்ந்து பாதி சுவரில் நிற்கும். மாஸ்கிங் டேப்பைச் சுவரில் ஒட்டி அதன்மேல் சூடான பசையைப் போட்டு மாட்டுகிற தந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த டேப் சில நாளில் உரித்துவிட வேண்டிய சாமான், மாதக்கணக்கில் விட்டால் அதன் பசையும் முற்றிக்கொள்ளும், எடையும் தாங்காது. உறிஞ்சு கொக்கி வழவழப்பான டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் மட்டும்தான்.

ஒட்டுவதற்கு முன் இடத்தை முடிவு செய்துவிடுங்கள், பட்டை ஒரு தடவைக்குத்தான். பழைய செய்தித்தாளைப் படத்தின் அளவுக்கு வெட்டி, மாஸ்கிங் டேப்பில் சுவரில் ஒட்டி ஒரு நாள் பார்த்துக்கொண்டே இருங்கள். கண்காட்சிகளில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வருகிற மாதிரி மாட்டுவோம். வீட்டில் எல்லாரும் இதற்கு ஒரு சாண் மேலேதான் மாட்டுகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை. கொக்கியின் உயரம் வேண்டுமென்றால் அந்த நடுப்புள்ளி உயரத்தோடு சட்டத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, கயிறு மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், போனில் இருப்பதும் போதும்.

கழற்றுவது. வீட்டை ஒப்படைக்கிறதுக்கு முந்தின ராத்திரி வேண்டாம், ஒரு வாரம் முன்னாலேயே ஆரம்பியுங்கள். படத்தைக் கீழிருந்து தூக்கி எடுத்ததும் சுவரில் நிற்கும் பட்டையின் வால் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுவரோடு சுவராக நேர் கீழே, மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். அது ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே வரும், நீள நீள மெலிந்து ஓரத்திலிருந்து தானே விட்டுவிடும். ஆசைப்பட்டு உங்கள் பக்கமாக இழுத்தீர்களோ, பெயின்ட் போயிற்று. வால் அறுந்துவிட்டால் பதற வேண்டாம். ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடு காட்டி, பல் இடுக்குச் சுத்தம் செய்கிற நூலைப் பட்டைக்குப் பின்னால் விட்டு ரம்பம் மாதிரி இழுத்து அறுங்கள், மிஞ்சும் பசையை விரலால் உருட்டி எடுங்கள். எண்ணெய் போட்டு எடுக்கச் சொல்வார்கள், மங்கல் பெயின்ட்டில் எண்ணெய்க் கறை பசைக் கறையைவிட மோசம்.

எல்லாம் சரியாக நடந்தாலும் ஒன்று மிஞ்சும். படம் இருந்த இடம் புதுசாகவும் சுற்றுப்புறம் பழசாகவும் ஒரு சதுரம் தெரியும். அது நீங்கள் செய்த சேதம் இல்லை, வெயிலும் தூசியும் செய்தது. ஈரத்துணியால் சுற்றிலும் துடைத்தால் கொஞ்சம் குறையும். குடிவந்த அன்றைக்கே ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேசவும் வசதி.

உங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்காமல் என்னால் இதற்குமேல் அடித்துச் சொல்ல முடியாது. இப்போதைக்கு நான் உங்கள் இடத்தில் இருந்தால், பெரிய படத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, எட்டில் லேசான ஒன்றை மட்டும் பட்டையில் மாட்டி ஒரு மாதம் விடுவேன், பிறகு அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற ஏழையும் தொடுவேன். உள்ளங்கையில் தூள் வந்ததா, படத்தின் எடை எவ்வளவு, இந்த இரண்டையும் எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.